பொடிப் படிகங்களைக் கொட்டிவிட வேண்டாம்

2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி, டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் அந்தப் புரதம் எப்படி மடிந்து நிற்கும் என்று கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளுக்கான பரிசு அது. 2022லேயே 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்பு வடிவங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிவிட்டன. அதிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது: புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி, மாதக்கணக்கில் மல்லுக்கட்டி வடிவம் காணும் வேலை இனி எதற்கு? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 3.4 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டி, 2005ஆம் ஆண்டு விலைவாசிக் கணக்கிலேயே 122 கோடி யூரோ செலவில் ஓர் எக்ஸ்ரே லேசரை நிறுவி, 2017இல் திறந்தார்கள். கணினி இலவசமாகச் சொல்லிவிடும் ஒன்றுக்கு இவ்வளவு வரிப்பணமா என்று யாரும் கேட்கத்தான் செய்வார்கள். கேள்வி நியாயமானது. ஆனால், வடிவம் தெரிந்துவிட்டால் புரதமே தெரிந்துவிட்டது என்ற பழைய நினைப்பின் மேல் அது நிற்கிறது. புரதம் நின்றபடி இருக்கும் பொருள் இல்லை. நெளிந்து, பிடித்து, வெட்டி, விட்டுத்தான் வேலை செய்கிறது. அந்த வேலையை, புரதத்துக்குக் காயம் படாமல், அணு அளவில் பார்க்க இன்றுள்ள கூர்மையான வழி, ஆயிரக்கணக்கான பொடிப் படிகங்களிலிருந்து ஒரே கட்டமைப்பைத் திரட்டும் முறை. அதற்குப் பணம் செலவிடுவது வீண் இல்லை என்பதே என் வாதம். எங்கே செலவிடுவது என்பதில் வேண்டுமானால் நாம் தவறக்கூடும்.

முதலில் படிகம் ஏன் தேவைப்பட்டது என்று பார்த்துவிடலாம். ஒற்றைப் புரத மூலக்கூறு சிதறடிக்கும் எக்ஸ்ரே மிகச் சொற்பம். எந்தக் கருவியாலும் அதைப் படிக்க முடியாது. கோடானுகோடி மூலக்கூறுகள் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருந்தால், பஜனைக் கூட்டம் ஒரே சுருதியில் பாடுவதுபோல அவற்றின் சிதறல் ஒன்றுசேர்ந்து, குறிப்பிட்ட திசைகளில் மட்டும் பளிச்சென்ற புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளின் இடமும் பிரகாசமும்தான் கட்டமைப்புக்கான தடயம். 1934இல் ஜே.டி. பெர்னாலும் டோரதி ஹாட்ஜ்கினும், பெப்சின் படிகத்தை அது வளர்ந்த திரவத்தோடு ஈரமாகவே வைத்துப் படமெடுத்தபோது, புரதத்துக்கும் இது பலிக்கும் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தைப் படமெடுத்தார். அதன் முழுக் கட்டமைப்பை வெளியிட 1969 ஆனது. இந்தத் தாமதத்தில் கணிப்பொறி இல்லாமை ஒரு பங்கு. பொதுவாகப் புரதத் துறையையே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த இன்னொன்று, நல்ல படிகத்துக்கான தவம். ஜான் கெண்ட்ரூ மயோகுளோபினை ஆராயப் புகுந்தபோது, குதிரை இதயத்திலிருந்து எடுத்ததில் படிகங்கள் மிகச் சிறியவையாகவே வந்தன. கடைசியில் திமிங்கலத் தசைக்குப் போனார். அதில் படிகம் பெரிதாக வளர்ந்தது. 1958இல் உலகின் முதல் புரதக் கட்டமைப்பு பிறந்தது. 1962இல் நோபல் பரிசும் வந்தது. எந்தப் புரதத்தை ஆராய்வது என்று மருத்துவமோ உயிரியலோ முடிவு செய்யவில்லை, படிகத்தின் பருமன் முடிவு செய்தது. இந்தத் துறையின் முதல் அரை நூற்றாண்டைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விமர்சனமாக இதைத்தான் கருதுகிறேன்.

இன்றும் ஆய்வுக்கூடங்களில் நடப்பது இதுதான். கண்ணாடித் தகட்டின் அடியில் தொங்கும் புரதக் கரைசல் துளி ஒன்றை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலான துளிகளில் ஒன்றுமே இருக்காது, அல்லது பழுப்பு நிறக் கசடு இருக்கும். சிலவற்றில் துளி முழுக்கச் சர்க்கரைத் தூள் தூவினாற்போல மினுமினுப்பு தெரியும். மைக்ரான் அளவுப் படிகங்கள் மழையாகப் பொழிந்திருக்கின்றன என்று பொருள். மயிரிழையின் தடிமன் ஐம்பது முதல் நூறு மைக்ரான். இவை அதில் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு. நேற்றுவரை இது தோல்விக்குச் சற்று மேலே இருக்கும் நிலை. உப்பின் அளவை மாற்று, அமிலத்தன்மையை மாற்று, குளிர்பதன அறையில் வை, புரதத்தின் வாலை வெட்டிப் பார் என்று ஆய்வு மாணவரின் ஆண்டுகள் கரையும். பெரிதாக வளராத துளிகள் கொட்டப்படும். செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களுக்கு இது இன்னும் கொடுமை. நம் மருந்துகளில் பெரும்பங்கு போய் ஒட்டுவது அத்தகைய புரதங்களில்தான். அவையோ பெரிய படிகமாக எளிதில் வளர்வதில்லை.

சிறிய படிகத்துக்கு ஏன் இந்தத் தீண்டாமை? காரணம் எக்ஸ்ரேயின் காயம். படிகத்திலிருந்து பயனுள்ள முறையில் சிதறும் ஒரு கதிர்த்துகளுக்குப் பத்துத் துகள்கள்வரை படிகத்துக்குள்ளேயே உறிஞ்சப்பட்டு, எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிகின்றன. கந்தகப் பிணைப்புகள் அறுகின்றன; உலோக அணுக்களின் மின்சுமை மாறுகிறது; அடுக்கின் ஒழுங்கு குலைகிறது. பெரிய படிகத்தில் இந்தச் சேதம் கோடானுகோடி மூலக்கூறுகளில் பரவிக் கரைந்துவிடும். சிறிய படிகத்தில் அதே தெளிவு வேண்டுமானால் ஒவ்வொரு மூலக்கூறின் மீதும் அதிகக் கதிரைப் பாய்ச்சியாக வேண்டும். படம் முடிவதற்குள் படிகம் செத்துவிடும். ரைபோசோம் படிகங்களோடு போராடிய அடா யோனத் 1980களில் முன்னெடுத்த உறைகுளிர் முறை, அதாவது படிகத்தைத் திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்குக் குளிர்வித்துப் படமெடுப்பது, இந்தச் சேதத்தைப் பெரிதும் தள்ளிப்போட்டது. அப்படி உறைய வைத்தும் ஒரு படிகம் தாங்கக்கூடியது சுமார் 3 கோடி கிரே (உறிஞ்சப்படும் கதிரின் அலகு) என்று 2006இல் அளந்து சொன்னார்கள். மனித உடல் முழுவதும் ஐந்து கிரே பட்டாலே உயிர் தப்புவது கடினம். அறை வெப்பநிலையிலோ படிகத்தின் தாங்குதிறன் இதில் சிறு பங்குதான். ஆக, தெளிவு வேண்டுமா, உறைய வை. புரதம் உயிருள்ள உடலில் இருப்பதுபோல் அசைய வேண்டுமா, தெளிவை மற. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பதுதான் விதியாக இருந்தது.

அந்த விதியை உடைத்த யோசனை 2000ஆம் ஆண்டில் ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து வந்தது. ரிச்சர்ட் நியூட்ஸே, யானோஸ் ஹய்து ஆகியோரின் குழு கணினியில் கணக்கிட்டுப் பார்த்தது: எக்ஸ்ரே துடிப்பு போதிய அளவு குறுகியதாக இருந்தால், அணுக்கள் இடம்பெயர்ந்து மூலக்கூறு வெடித்துச் சிதறுவதற்கு முன்பே படம் பதிந்துவிடும். குறுகியது என்றால் ஃபெம்டோ விநாடிக் கணக்கு. ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மேலும் நூறு கோடி பங்காக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ விநாடி. அப்படிப்பட்ட எக்ஸ்ரே லேசர் கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 2009இல் ஒளிர்ந்தது. ஹென்றி சாப்மன், ஜான் ஸ்பென்ஸ், பெட்ரா ஃபிரோமே ஆகியோரின் பெரும் குழு அங்கே செய்த சோதனை 2011 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வெளியானது. ஒளிச்சேர்க்கையில் பங்குபெறும் ஃபோட்டோசிஸ்டம்-1 என்ற புரதத் தொகுப்பின் படிகங்கள், 200 நானோமீட்டரிலிருந்து 2 மைக்ரான்வரை பருமனுள்ளவை, மெல்லிய நீர்த்தாரையில் மிதந்து வந்தன. குறுக்கே எக்ஸ்ரே துடிப்புகள் பாய்ந்தன. அடிபட்ட படிகம் ஒவ்வொன்றும் ஒரே ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு அழிந்தது. மொத்தம் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். கட்டமைப்புக்குப் பயன்பட்டவை 15,000 சொச்சம். தெளிவு போதாது, மங்கல்தான் என்று சொன்னவர்கள் சொன்னதும் சரியே. அந்தச் சோதனையில் கிடைத்தது எட்டு ஆங்ஸ்ட்ராமுக்கும் மேற்பட்ட மங்கல் படம் (இந்த எண் குறையக் குறையத் தெளிவு கூடும்). தனித்தனி அணுக்களைப் பற்றி அதில் எதுவும் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டே செபாஸ்தியான் பூட்டே குழு லைசோசைம் நொதியில் 1.9 ஆங்ஸ்ட்ராம் தெளிவை எட்டியது. வழக்கமான பெரிய படிகத்தில் கிடைத்த கட்டமைப்போடு அது ஒத்துப்போயிற்று.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. முப்பது லட்சம் படங்களை எடுத்து, இருபத்தொன்பது லட்சத்துச் சொச்சத்தைத் தூக்கிப்போட்டு, மிச்சத்தைச் சராசரி எடுப்பது அறிவியலா, சமையலா? ஒவ்வொரு படிகத்தின் பருமன் வேறு, அது நின்ற கோணம் வேறு, துடிப்பின் வலிமை வேறு. பழைய முறையில் ஒரே படிகத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றி ஒவ்வொரு புள்ளியையும் முழுமையாக அளப்பார்கள். இங்கே படிகம் சுழலவே நேரமில்லை, புள்ளிகள் அரைகுறையாக வெட்டுப்பட்டே விழுகின்றன. இவ்வளவு கோணலையும் எண்ணிக்கையால் நேராக்க முடியுமா? விடை, தூக்கிப்போட்டவை எவை என்பதில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்ரே பாய்ந்த கணத்தில் குறுக்கே படிகமே இல்லாத வெறும் நீர்ப்படங்கள். மிஞ்சியவற்றில் கோணத்தைக் கண்டுபிடிக்க, தாமஸ் ஒயிட் உருவாக்கிய கிறிஸ்டெஃபெல் போன்ற திறந்த மென்பொருள்கள் புள்ளிகளின் வடிவியலை மட்டுமே பார்க்கின்றன. புரதம் எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் நுழைவதில்லை. தரவை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. எல்லாவற்றையும்விட வலுவான சான்று 2014இல் நேச்சரில் வந்தது. ஹைடல்பெர்க் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் இல்மே ஷ்லிக்டிங், தாமஸ் பாரெண்ட்ஸ் குழு, கடோலினியம் சேர்த்த லைசோசைம் பொடிப் படிகங்களின் ஏறத்தாழ 60,000 படங்களைக் கொண்டு, ஏற்கெனவே தெரிந்த எந்த மாதிரியின் துணையும் இல்லாமல், கட்டமைப்பை அடியிலிருந்து வரைந்தெடுத்தது. கடோலினியத்தின் மெல்லிய சமிக்ஞை புள்ளிகளின் பிரகாசத்தில் மிகச் சிறு வேறுபாடாகத்தான் வரும். சராசரி எடுப்பதில் எங்காவது பொய் புகுந்திருந்தால் முதலில் அடிபட்டுப்போவது அதுதான்; அடிபடவில்லை.

இதனால் இந்த முறையில் வரும் எல்லா முடிவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று சொல்ல வரவில்லை. மூலக்கூறு அசைவதைப் படமெடுக்கும் சோதனைகளில், ஒளியால் தூண்டப்பட்ட மூலக்கூறுகள் சிறுபான்மையாகவே இருக்கும். பெரும்பான்மையைக் கழித்துச் சிறுபான்மையின் வடிவத்தை ஊகிக்க வேண்டியிருக்கும். அதே ஹைடல்பெர்க் குழு 2015இல், மயோகுளோபினிலிருந்து கார்பன் மோனாக்சைடு பிய்ந்து போகும் கணத்தைப் படமெடுத்து வெளியிட்டது. தூண்டுவதற்குப் பயன்படுத்திய லேசர் ஒளி அளவுக்கு மீறிப்போனதா, இயற்கையில் நடக்காத ஒன்றை அது நடத்திவிட்டதா என்ற விவாதம் துறைக்குள்ளேயே கிளம்பியது. 2024இல் அந்தக் குழுவே ஒளியின் அளவை மாற்றி மாற்றிச் சோதனையைத் திரும்பச் செய்து, ஒளி கூடினால் அசைவின் போக்கே மாறுகிறது என்று நேச்சரில் எழுதியது. பழைய படங்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பதே இதன் பொருள். ஒரு முறையின் குறையை அதே முறையால் அளந்து காட்ட முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். சோதித்துப் பார்க்க வழியுள்ள தவறு அறிவியலுக்கு ஆபத்தில்லை. தவறுகளைப் பிடிக்கும் இன்னொரு சல்லடை நமக்கு நெருக்கமான இடத்திலிருந்து போனது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரோடு 1963இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதிக்கொள்ளும் என்று காட்டுகிறது. ஸ்லாக்கில் எடுத்த கட்டமைப்பானாலும் ஹாம்பர்க்கில் எடுத்ததானாலும், வெளியிடுவதற்கு முன் அந்த வரைபடத்தில் பொருத்திப் பார்த்தே தீர வேண்டும்.

சிறிய படிகத்தை வேறு வழியின்றிச் சகித்துக்கொள்ளும் முறைதான் இது என்று இதுவரை படித்தவருக்குத் தோன்றியிருக்கலாம். உண்மையில் சிறியதாக இருப்பதே அதன் பலம். இதற்குக் காசநோய்க் கிருமியை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கிருமி பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது; பென்சிலின் வகையறா மருந்துகளின் மையத்தில் உள்ள நான்கு அணு வளையத்தை உடைப்பது அதன் வேலை. காசநோய்க்கு இந்த வகை மருந்துகள் எடுபடாமல் போவதற்கு அது ஒரு காரணம். வளையம் எப்படிப் படிப்படியாக உடைகிறது என்று பார்க்க வேண்டுமானால், படிகத்துக்குள் மருந்தை ஊறவிட்டு, குறித்த நேரத்தில் படமெடுக்க வேண்டும். பெரிய படிகத்தில் மருந்து மேற்பரப்பிலிருந்து மையத்துக்கு ஊறிப் போவதற்குள், வெளியே உள்ள நொதிகள் வேலையை முடித்திருக்கும். உள்ளே உள்ளவை தொடங்கியே இருக்காது. எல்லாக் கட்டங்களும் கலந்த குழப்பம்தான் படத்தில் விழும். சில மைக்ரான் படிகத்திலோ மருந்து மில்லி விநாடிகளில் உள்ளே போய்விடும். மில்வாக்கியில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாரியஸ் ஷ்மிட் முதலியோர் இதைத்தான் செய்தார்கள். படிகக் கரைசலையும் செஃப்ட்ரையாக்சோன் கரைசலையும் நுண்குழாயில் கலந்து, கலக்கும் இடத்திலிருந்து எக்ஸ்ரே படும் இடம்வரை உள்ள தூரத்தை மாற்றி, 30 மில்லி விநாடியிலிருந்து 2 விநாடிவரை பல கட்டங்களைப் படமெடுத்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், மருந்து நொதியின் குழிக்குள் வந்து உட்காருவதும், வளையம் திறந்து நொதியோடு பிணைவதும் அடுத்தடுத்துத் தெரிந்தன. செஃப்ட்ரையாக்சோன், நம்மூர் மருத்துவமனைகளில் தினமும் போடப்படும் ஊசி. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். எட்டாக் கையில் உள்ள ஆடம்பர அறிவியல் என்று இதை நாம் தள்ளிவைக்க முடியாது.

ஆல்ஃபாஃபோல்டு இதைச் சொல்லுமா? நொதியின் ஓய்வு வடிவத்தைச் சொல்லும், அதுவும் மிக நன்றாகச் சொல்லும். 2024இல் வந்த மூன்றாம் பதிப்பு மருந்து மூலக்கூறுகளையும் உலோக அயனிகளையும்கூடச் சேர்த்துக் கணிக்கிறது. ஆனால், 30 மில்லி விநாடியில் என்ன, 500இல் என்ன என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை, ஏனென்றால் அதற்குக் கற்றுக்கொடுத்த பாடநூலில் அது இல்லை. 1971இல் ஏழே ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் பின்னர் சேர்ந்த லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புகளைப் படித்தே ஆல்ஃபாஃபோல்டு தேர்ந்தது. அவற்றில் பெரும்பான்மை எக்ஸ்ரே படிகவியலால் வந்தவை, பெரும்பாலும் உறைந்த படிகங்களிலிருந்து வந்தவை. கணினிக்கு அசைவைக் கற்றுத்தர வேண்டுமென்றாலும் அசைவை யாராவது முதலில் அளந்து கொடுத்தாக வேண்டும். கணினிக் கணிப்பையும் படிகச் சோதனையையும் எதிரிகளாக நிறுத்துவது பத்திரிகைத் தலைப்புக்கு உதவும். ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃபாஃபோல்டின் கணிப்பைத் தொடக்க மாதிரியாக வைத்துத்தான் இன்று பல படிகத் தரவுகள் தீர்க்கப்படுகின்றன.

அளந்து கொடுப்பதே எவ்வளவு நுட்பமான காரியம் என்பதற்கு ஃபோட்டோசிஸ்டம்-2 சாட்சி. இலையில் நீரை உடைத்து நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனை வெளியிடுவது இந்தப் புரதத் தொகுப்பு. உடைக்கும் இடத்தில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியமும் ஆக்சிஜன்களால் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கின்றன. வழக்கமான படிகச் சோதனையில் பாய்ச்சும் எக்ஸ்ரே, படம் முடிவதற்கு முன்பே அந்த மாங்கனீசின் மின்சுமை நிலையைக் குலைத்துவிடுகிறது என்று 2005இல் ஜுன்கோ யானோ குழு நிரூபித்தது. பார்க்க வந்த கண்ணே பொருளைக் கெடுத்துவிட்டது. எக்ஸ்ரே லேசரில் பல படிகங்களைக் கொண்டு எடுக்கும் படத்தில் அந்தக் கேடு பெரும்பாலும் இல்லை. 2018இல் வெளியான சோதனையில், பொடிப் படிகங்கள் மிதக்கும் துளிகளை ஒவ்வொன்றாக ஓடும் நாடாவில் சொட்டவிட்டார்கள். நாடா நகர நகர, துளியின் மீது பச்சை லேசர் ஒரு முறை, இரு முறை, மூன்று முறை மின்னும். கடைசியில் எக்ஸ்ரே துடிப்பு. எத்தனை முறை மின்னியதோ, நீரை உடைக்கும் சுழற்சியில் அத்தனையாவது படி. கூடவே மாங்கனீசு உமிழும் எக்ஸ்ரேயைத் தனியாக அளந்து, உலோகம் சரியான நிலையில்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் அறை வெப்பநிலையில். ஒரு பெரிய உறைந்த படிகத்தை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியைச் சொல்லி மறுப்பவர்களும் உண்டு. 2017இல் நோபல் வென்ற உறைகுளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் படிகமே வேண்டாம். தனித்தனி மூலக்கூறுகளைப் பனிப்படலத்தில் உறைய வைத்துப் படமெடுத்துவிடலாம். ரைபோசோம் போன்ற பெரிய தொகுப்புகளுக்கும் பல சவ்வுப் புரதங்களுக்கும் அதுதான் இன்று முதல் தேர்வாக இருக்க வேண்டும். அங்கே படிகத்துக்காகக் காத்திருப்பது பிடிவாதம். ஆனால் மூலக்கூறு சிறியதாகச் சிறியதாக அதன் திறன் குறைகிறது. காசநோய் நொதி போன்ற சிறிய புரதங்கள் அதற்கு இன்னும் கடினம். மேலும் அங்கே உறைய வைத்தே ஆக வேண்டும்.

செலவு, விரயம் என்ற குற்றச்சாட்டில்தான் எனக்கு ஓரளவு உடன்பாடு. எக்ஸ்ரே லேசர்கள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே உள்ளன: அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி, தென்கொரியா, சுவிட்சர்லாந்து. அங்கே சில நாட்கள் நேரம் கிடைப்பதே போட்டி. தொடக்கத்தில் வேகமாகப் பாயும் நீர்த்தாரையில், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஓடிப்போன படிகங்கள் எல்லாம் நேரே கழிவுக்குப் போயின. அரும்பாடுபட்டுத் தயாரித்த புரதம் வடிகாலில் கலந்தது. அந்த நிலை மாறிவிட்டது. கெட்டியான கொழுப்புக் கூழில் படிகங்களை வைத்து மெதுவாகப் பிதுக்கும் முறையில், 2013இல் செரட்டோனின் ஏற்பி ஒன்றின் கட்டமைப்புக்கு 0.3 மில்லிகிராம் புரதமே போதுமானதாக இருந்தது. ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட சிலிக்கான் சில்லில் துளைக்கொரு படிகமாக உட்கார வைத்து, ஒவ்வொன்றாகச் சுடுவதும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. இன்னும் முக்கியம், லேசர் இல்லாமலே இதைச் செய்யலாம். ஹாம்பர்க்கின் பெட்ரா-3 போன்ற சிங்க்ரோட்ரான்களில், அதாவது எலெக்ட்ரான்களை வளையத்தில் சுழற்றி எக்ஸ்ரே உண்டாக்கும் கருவிகளில், 2014லிருந்தே அறை வெப்பநிலையில், பல சிறு படிகங்களைத் தொடர்ச்சியாகப் படமெடுத்துக் கட்டமைப்பு கண்டிருக்கிறார்கள். பல படிகங்களின் தரவைச் சேர்ப்பதன் பலத்தை அதற்கு முன்பே, 2012இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வெய்ன் ஹென்ரிக்ஸன் குழு சிங்க்ரோட்ரானில் காட்டியிருந்தது: புரதத்தில் இயல்பாகவே உள்ள கந்தகத்தின் மெல்லிய சமிக்ஞையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஃபெம்டோ விநாடி வேகம் எல்லாவற்றுக்கும் தேவைப்படுவதில்லை. நொதிகளின் வேலை பெரும்பாலும் மில்லி விநாடிகளிலும் விநாடிகளிலும் நடப்பது. அதற்கு நல்ல சிங்க்ரோட்ரான் கற்றை போதும்.

ஆகவே இந்தியா சொந்தமாக ஓர் எக்ஸ்ரே லேசர் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்தூரில் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் புரதப் படிகவியலுக்கென ஒரு கற்றைத்தடம் இருக்கிறது. ஆனால் அது வளைகாந்தத்திலிருந்து வரும் கற்றை, மைக்ரான் படிகங்களுக்கு வேண்டிய கூர்மை அதற்கு இல்லை. இத்தாலியின் டிரியெஸ்டேயில் உள்ள எலெட்ராவோடு கூட்டு வைத்து நம் ஆய்வாளர்கள் அங்கே படமெடுக்கிறார்கள். வெளிநாட்டில் நேரம் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குறை வேறிடத்தில். பொடிப் படிகங்களை ஒரே பருமனில், வேண்டும்போதெல்லாம் தயாரிப்பது தனித் தொழில்நுட்பம். லட்சக்கணக்கான படங்களைத் தரம் பிரித்துச் சேர்க்கும் கணக்கு இன்னொன்று. முதலாவதற்கு வேண்டியது ஒரு நல்ல உயிர்வேதியியல் ஆய்வுக்கூடமும் பொறுமையும். இரண்டாவதற்கு வேண்டியது கணினியும் கணிதம் தெரிந்த இளைஞர்களும். திறந்த மென்பொருள்கள் இலவசம். பழைய சோதனைகள் பலவற்றின் மூலப் படங்களும் பொதுத் தரவகங்களில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பழகலாம். முதுநிலை மாணவர்களுக்கு இன்னும் ஒரே பெரிய படிகத்தைச் சுழற்றும் பாடத்தை மட்டுமே கற்பித்துக்கொண்டிருப்பதற்கு நிதிப் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது.

நாட்டின் அடுத்த சிங்க்ரோட்ரான் பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. அது காகிதத்தில் இருக்கும்போதே, மைக்ரான் அளவுக்குக் குவியும் ஒரு கற்றைத்தடத்தை, அறை வெப்பநிலையில் சிறு படிகங்களை வரிசையாகப் படமெடுக்கும் வசதியோடு, முதல் கட்டத்திலேயே சேர்க்க வேண்டும். பின்னால் ஒட்டுப்போட்டால் செலவு கூடும், கூர்மை குறையும். அந்தத் தடம் திறக்கும் நாளில் அதில் உட்கார்ந்து வேலை செய்யத் தெரிந்தவர்கள் வேண்டுமானால், அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இன்றே சில பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து, படிகத் தயாரிப்புக்கும் தரவுக் கணக்கீட்டுக்கும் பணியிடங்களை உருவாக்கித் தர வேண்டும்.